நாற்பத்தைந்தாம் நாள்

ஓர் அரிய தோல் நோய்க்கான களிம்பைச் சோதிக்க முனைந்தவர்கள், சோதனையைத் தொடங்குமுன்பே ஒரு கேள்விக்கு விடை எழுதிவைக்க வேண்டியிருந்தது. புண் ஆறிவிட்டது என்று எந்த நாளில், எதைப் பார்த்துச் சொல்வது? பெர்ச் மரப்பட்டைச் சாற்றைச் சூரியகாந்தி எண்ணெயில் கலந்து செய்த களிம்பு அது. 223 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஒவ்வொருவர் உடம்பிலும் ஒரேயொரு புண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் பரப்பு 10 முதல் 50 சதுர சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும். தோன்றி 21 நாளாவது ஆகியிருக்க வேண்டும், 9 மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. அந்தப் புண் 45 நாளுக்குள் முழுதாக மூடிக்கொண்டால் வெற்றி என்று எழுதிக்கொண்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மருந்துக் களிம்பு, மற்றவர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயும் மெழுகும் சேர்ந்த வெறும் களிம்பு. கணக்கெடுத்தபோது மருந்திட்டவர்களில் 41.3 சதவீதத்தினருக்கும், வெறும் களிம்பிட்டவர்களில் 28.9 சதவீதத்தினருக்கும் அந்தப் புண் மூடியிருந்தது. 2022 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியமும் 2023 டிசம்பரில் அமெரிக்காவும் மருந்துக்கு அனுமதி கொடுத்தன.

அதே ஆய்வில் 90-ஆம் நாள் கணக்கும் இருக்கிறது. அதில் ஒரு பக்கம் 50.5, மறுபக்கம் 43.9. இடைவெளி மெலிந்து, தற்செயலாக நேர்ந்ததென்றும் சொல்லக்கூடிய அளவுக்கு வந்துவிட்டது. 45-ஆம் நாளில் பார்த்தால் மருந்து வேலை செய்கிறது. 90-ஆம் நாளில் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டும் பொய்யில்லை. மருந்தைக் குறைசொல்லவும் நான் இதை எடுக்கவில்லை. முந்தி மூடுகிற புண் அத்தனை நாள் குறைவாக வலிக்கும், அதுவே பெரிய விஷயம். ஆனால் ஒரு நோயை எந்தக் கோலால் அளப்பது என்று யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு, அந்த நோயோடு வாழ்பவருக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதையே தீர்மானிக்கிறது. இலங்கையின் அரநாயக்கவில் இருந்துகொண்டு இதை யோசிக்கும்போது அந்த மேசை எங்களுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் கூடவே தெரிகிறது.

நோயின் பெயர் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா. 1886-இல் ஹைன்ரிக் கோப்னர் என்ற ஜெர்மானிய வைத்தியர் இட்ட பெயர். இன்று ஈ.பி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். தொற்றாது. பிறவியிலேயே வருவது. தோலின் மேலடுக்கைக் கீழடுக்கோடு பிடித்துவைக்கும் புரதங்களில் ஒன்று பழுதாகவோ, இல்லாமலோ பிறக்கும் பிள்ளைக்கு, நமக்கு உறைக்கவே உறைக்காத உராய்வு போதும், தோல் கொப்புளித்து உரிந்துவிடும். தோல் எந்த ஆழத்தில் பிரிகிறது என்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்து 1962-இல் ரோஜர் பியர்சன் வகை பிரித்தார். மேல்தோலுக்குள்ளேயே பிரிவது சிம்ப்ளெக்ஸ். நடக்கும் பிள்ளைக்கு உள்ளங்காலில் கொப்புளம், வெயிலிலும் வியர்வையிலும் இன்னும் அதிகம். மேல்தோலும் கீழ்த்தோலும் சந்திக்கும் எல்லையில் பிரிவது ஜங்ஷனல். அதன் கடுமையான வடிவில் பிள்ளைகள் பலர் முதல் ஓரிரு வருடங்களைத் தாண்டுவதில்லை. அதற்கும் கீழே, ஏழாம் வகைக் கொலாஜன் இழைகள் தோலைப் பற்றிப் பிடித்திருக்கும் இடத்தில் பிரிவது டிஸ்ட்ரோஃபிக். இதில் ஆறிய இடமெல்லாம் தழும்பாகிறது. தழும்பு இழுத்து இழுத்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கை மூடிய முஷ்டியாகிப் போகிறது. வாயிலும் உணவுக்குழாயிலும் கொப்புளம் வந்து ஆறி, குழாய் குறுகி, சோற்றுப் பருக்கை இறங்காத நிலையும் வருகிறது.

அமெரிக்காவின் தேசியப் பதிவேட்டின்படி, உயிரோடு இருப்பவர்களில் பத்து லட்சத்துக்குச் சுமார் 11 பேருக்கு இந்நோய். அந்த விகிதம் இங்கும் பொருந்துமானால் 2 கோடியே 17 லட்சம் பேர் வாழும் இலங்கையில் இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கவேண்டும். சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் வழக்கமுள்ள சமூகங்களில், தாய் தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே பழுது பிள்ளையில் சந்திக்கும் வாய்ப்புக் கூடுதல். மாமன் மகளைக் கட்டுவது முறையாயிருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டங்களிலும் அப்படித்தான். இதைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எந்தத் தாயும் எந்தத் தகப்பனும் இதைத் தெரிந்து கொடுப்பதில்லை. பிள்ளையின் தோல் உரிவதைக் கண்டு ‘அம்மாள் போட்டிருக்கு’ என்று வேப்பிலை செருகிய காலமும், சிரங்கு என்று மற்றப் பிள்ளைகளை விலக்கிய காலமும், தாயின் வயிற்றைக் குறைசொன்ன காலமும் முற்றாகப் போய்விடவில்லை. கொப்புளத்தைவிட அந்தப் பேச்சு ஆழமாகப் போகும்.

தோட்டத்து லயத்தில் இப்படியொரு பிள்ளை வளர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிகாலை நாலு மணிக்கு எழும்பித் தண்ணீர் சுடவைத்தால்தான் கட்டு ஊறும். காயத்தோடு ஒட்டிய துணியை இழுத்தால் நேற்று மூடிய தோலும் அதோடு வந்துவிடும். எனவே நனைத்து, காத்திருந்து, இன்னொரு முறை நனைத்து, ஒவ்வொரு நூலாக விடுவிக்கவேண்டும். புதிதாக வந்த கொப்புளத்தைக் கிருமி நீக்கிய ஊசியால் அதன் தாழ்ந்த பக்கத்தில் குத்தி நீரை வடியவிட வேண்டும். மேல்தோலை உரிக்காமல் அப்படியே மூடியாக விடவேண்டும். கொப்புளத்தைத் தொடக்கூடாது என்றுதான் நம் வீடுகளில் சொல்லி வளர்த்தார்கள். ஈ.பி.யில் தொடாமல் விட்டால் அது தானாக நிற்காது, நீர் தள்ளத் தள்ளப் பரவிக்கொண்டே போகும். கொழுந்து பறித்துப் பறித்து வெடித்த விரல்களால் இத்தனையையும் செய்யவேண்டும். அந்த விரல்களின் சொரசொரப்பே பிள்ளையின் தோலுக்கு ஆபத்து. முடிந்து, பேர் பதியும் பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டும். நேரம் தவறினால் அன்றைக்குப் பேர், அதாவது நாட்கூலி, இல்லை. கிலோ குறைந்தால் அரைப்பேர். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. இழந்த பேரை அந்தத் தொகையால் பெருக்கிப் பார்த்தால் கட்டு மாற்றும் நேரத்துக்கும் ஒரு விலை இருக்கிறது என்று புரியும். நான் அறிந்த எந்த நோய் அளவுகோலிலும் இந்தக் கணக்குக்கு ஓர் இடமில்லை.

அளவுகோல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

எளிமையானது பரப்பு. நோயாளியின் சொந்த உள்ளங்கை, விரல்களும் சேர்த்து, அவருடைய தோலின் நூற்றில் ஒரு பங்கு என்பது வைத்தியசாலைகளில் பழகிய கணக்கு. தீக்காய வார்டுகளில் அதைக்கொண்டே அளக்கிறார்கள். ஒரு தனிப் புண்ணை அளக்க நீளத்தை அகலத்தால் பெருக்குவார்கள். அப்படிப் பெருக்கினால் வருவது ஒரு செவ்வகத்தின் பரப்பு. முட்டை வடிவப் புண் அந்தச் செவ்வகத்தில் சுமார் 78 சதவீதத்தைத்தான் நிரப்பும். ஓரம் கிழிந்த புண்ணென்றால் பிழை இன்னும் பெரிது. ஒளி ஊடுருவும் தாளை மேலே வைத்து ஓரத்தை வரைந்து எண்ணலாம். அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்துக் கணினியில் எண்ணலாம். முழங்காலின் வளைவில் இருக்கும் புண் படத்தில் சுருங்கித் தெரியும். இதைவிடக் கடினம் ஒன்றுண்டு. ஈ.பி. புண்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. இரண்டு பக்கத்துப் புண்கள் கலந்து ஒன்றாகின்றன. பெரிய புண்ணின் நடுவில் தோல் தீவு தீவாக முளைத்து அதை மூன்றாக்குகிறது. போன மாதம் ‘இலக்கு’ என்று குறித்துவைத்த புண் இப்போது எது? சில புண்கள் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கின்றன. சில மூடுகின்றன, சட்டை உரசினால் திறக்கின்றன, திரும்பவும் மூடுகின்றன. இரண்டாம் வகைப் புண்ணைப் பார்க்க வைத்தியர் எந்தக் கிழமை வருகிறார் என்பதைப் பொறுத்து அது ஆறிய புண் அல்லது ஆறாத புண்.

நிறத்துக்கும் இதே சிக்கல். தோல் நோய்களுக்கான அளவுகள் பலவற்றில் சிவப்பு ஒரு குறி. வெள்ளைத் தோலில் ரோஜா நிறமாகத் தெரியும் அழற்சி எங்கள் தோலில் ஊதாவாகவும் கருமையாகவும் தெரியும், சில வேளை கண்ணுக்கே படாமல் தொட்டால் சூடாக மட்டும் இருக்கும். சிவப்பைத் தேடும் கண் இங்கே நோயைக் குறைத்தே எழுதும்.

2009-இல் பர்மிங்ஹாம் வைத்தியர்கள் ஒரு முழுமையான மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். மொத்தம் 100. அதில் பாதியான 50 தோல் பரப்புக்கு. மீதி 50, பத்து விடயங்களுக்கு ஐந்தைந்தாகப் பிரிக்கப்படுகிறது: நகம், வாய், கண், குரல்வளை, உணவுக்குழாய், கைத் தழும்பு, தோல் புற்றுநோய், நாட்பட்ட புண், முடியுதிர்வு, ஊட்டக்குறைவு. கருவி எதுவும் வேண்டாம், கண்ணும் கையும் போதும். எங்கள் கேகாலை வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில்கூடச் செய்யலாம். அதை மதிக்கிறேன். ஆனாலும் உணவுக்குழாய் அடைத்து, கஞ்சிகூட இறங்காமல், எலும்பு தெரியும் பிள்ளைக்கு அந்தத் தொண்டைக்காகக் கிடைப்பது அதிகம் போனால் ஐந்து. முதுகு நிறைய ஆழமில்லாத கொப்புளத்தோடு ஓடியாடும் பிள்ளையின் எண் இதைவிடப் பெரிதாக வரலாம்.

பின்னர் சிட்னியில் டெடி மரெல் தலைமையிலான குழு வேறொரு முறையைச் செய்தது. இன்றைய நோயையும் நேற்றைய தழும்பையும் தனித்தனியாக எண்ணுவது அதன் சிறப்பு. நோயின் வீரியத்துக்கு 276, தழும்பின் சேதத்துக்கு 230, ஆக 506. எனக்கு இதில் ஒரு நேர்மை தெரிகிறது. மருந்து இன்றைய கொப்புளத்தை நிறுத்தலாம், ஒட்டிப்போன விரலைப் பிரிக்காது. இரண்டையும் ஒரே எண்ணில் குழைத்தால், நல்ல மருந்துகூடத் தோற்றதாகத் தெரியும், அல்லது சிறுவயதிலேயே தடுத்திருக்கக்கூடிய தழும்பு யாருடைய கணக்கிலும் வராமல் போகும்.

மூன்றாவது, 2018-இல் வந்த ஐஸ்கோர்-ஈபி. அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வைத்தியர் பார்த்து எழுதும் பகுதிக்கு 114. நோயாளியோ, பிள்ளையென்றால் பெற்றவரோ எழுதும் பகுதிக்கு 120. வலி, நமைச்சல், தூக்கம், சாப்பாடு, அன்றாட வேலை இவையெல்லாம் இரண்டாவது பகுதிக்குள் வருகின்றன. வைத்தியரின் கண்ணுக்குக் கொடுத்ததைவிட ஆறு மதிப்பெண் கூடுதலாக நோயாளியின் வாய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். மருத்துவத்தில் இப்படி நடப்பது அரிது. வலியைவிட நமைச்சல்தான் தாங்கமுடியவில்லை என்று ஈ.பி. உள்ளவர்கள் பலர் சொல்கிறார்கள். இரவில் தூக்கத்தில் சொறிந்து, காலையில் புதுப் புண்ணோடு எழும்பும் பிள்ளையைப் பார்த்த எவரும் அதை நம்புவார்கள். புகைப்படத்தில் நமைச்சல் விழாது.

நோயாளியைக் கேட்டு அளந்த, வாழையிலை பற்றிய ஓர் ஆய்வை இங்கே நினைவுகூர வேண்டும். மும்பை சயனில் இருக்கும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவக் கல்லூரியில் மாதுரி கோரே என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர், வாழையிலையைக் கட்டாகப் பயன்படுத்தி 2003-இல் கட்டுரைகள் எழுதினார். தீக்காயத்துக்குத் தோல் ஒட்டும்போது, உடம்பில் வேறோர் இடத்திலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுப்பார்கள். அப்படிச் சீவிய இடத்தில் வழக்கமான வாசலின் தடவிய துணியோடு வாழையிலையை ஒப்பிட்டார். கட்டோடு இருக்கும்போது வலிக்கிறதா, கட்டை அவிழ்க்கும்போது வலிக்கிறதா என்று நோயாளியைக் கேட்டு அதையும் எண்ணாக்கினார். வாழையிலைக்கே வலி குறைவு. இலையின் மேற்பரப்பு மெழுகுப் பூச்சுள்ளது. ஈரத்தைக் காக்கும், புண்ணில் ஒட்டாது. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவமனையில் சி.ஆர். ஸ்ரீனிவாஸ் குழுவினர், தோல் பரவலாக உரியும் பெம்பிகஸ் போன்ற நோய்களில் நோயாளியைக் கிடத்துவதற்கு வாழையிலையை எப்படிக் கிருமியற்றதாக்குவது என்று ஆராய்ந்து 2007-இல் எழுதினார்கள். இவை ஈ.பி.க்கான ஆய்வுகள் அல்ல. கிருமி நீக்காத இலையைப் புண்ணில் வைக்கும்படி யாரும் இதைப் படித்துவிட்டுப் போகக்கூடாது. நான் பார்ப்பது கேள்வியை. கோரே, புண் மூடியதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போயிருந்தால், அவிழ்க்கும்போது நோயாளி பட்ட பாடு எந்த அட்டவணையிலும் வந்திருக்காது. அரநாயக்கவில் வீட்டுக்கு வீடு வாழை நிற்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கும் வழக்கம்தான் எங்களிடம் இல்லை.

புது மருந்துகளின் கதையில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது 2022 டிசம்பரில் வெளிவந்த ஓர் ஆய்வு. உதட்டில் கொப்புளம் தரும் ஹேர்பீஸ் வைரஸைப் பெருகமுடியாதபடி மாற்றி, அதன் முதுகில் ஏழாம் வகைக் கொலாஜனுக்கான மரபணுவை ஏற்றி, கூழாக்கிப் புண்ணில் வாரம் ஒருமுறை சொட்டுவிடுகிறார்கள். 1 வயது முதல் 44 வயது வரையான 31 பேர். ஒவ்வொருவரிடமும் ஒத்த அளவுள்ள இரண்டு புண்களைத் தெரிந்து, ஒன்றுக்கு மருந்துக் கூழ், மற்றதுக்கு வெறும் கூழ். எது எதென்று பார்ப்பவருக்கும் தெரியாது, போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது. ஒருமுறை மூடியிருந்தால் போதாது என்றும் விதித்தார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போதும் மூடியே இருக்கவேண்டும். ஆறாம் மாதத்தில் மருந்திட்ட புண்களில் 67 சதவீதமும் மற்றவற்றில் 22 சதவீதமும் அந்த விதியில் தேறின. 2023 மே 19 அன்று அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு குப்பியின் விலை 24 ஆயிரம் டொலருக்கு மேல்.

ஒரே பிள்ளையின் உடம்பில் இரண்டு புண்ணை ஒப்பிடுவது அறிவியலுக்கு மிக நேர்த்தியான வழி. வயது, சாப்பாடு, சுத்தம், தாயின் கை எல்லாம் இரண்டுக்கும் பொது. ஆகவே வித்தியாசம் மருந்தினால்தான். ஆனால் ஒப்பிடும் வசதிக்காக நீக்கிய அந்த வயது, சாப்பாடு, சுத்தம், தாயின் கை ஆகியவைதான் தோட்டத்துப் பிள்ளையின் முழு வாழ்க்கையும். விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் பெருமூச்சு விடுவது எளிது. அதைவிட முக்கியமான எண் மறுபக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெர்ச் களிம்பு ஆய்வில் வெறும் எண்ணெயும் மெழுகும் தடவிய நூறு பேரில் 29 பேருக்கு 45 நாளில் புண் மூடியது. 90 நாளில் 44 பேருக்கு. அவர்களை ஒப்பீட்டுக் குழு என்கிறார்கள், ஏதோ ஒன்றும் கிடைக்காதவர்கள் போல. உண்மையில் அவர்களுக்கு ஒட்டாத கட்டுத்துணி கிடைத்தது. பழகிய தாதியும், குறித்த நாளில் பார்க்கும் வைத்தியரும் கிடைத்தார்கள். புண்ணில் கிருமி சேர்ந்தால் உடனே மருந்து கிடைத்தது. எங்கள் பிள்ளைகளுக்கு மருந்துக் குழுவில் இடமில்லை என்பது உண்மை. ஒப்பீட்டுக் குழுவிலும் இடமில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கமுடியாதது. 2022-இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியசாலைகளில் அடிப்படை மருந்துகளே தட்டுப்பட்டபோது, சிலிக்கோன் பூசிய கட்டுத்துணியை யார் கேட்பது?

அந்த ஒப்பீட்டுக் குழுவின் கவனிப்பில் பெரும்பகுதிக்கு அதிகப் பணம் வேண்டாம். பிறந்தவுடன் தோல் உரிந்த பிள்ளையென்று தெரிந்தால் தொப்புளுக்குப் பிளாஸ்டிக் கிளிப் போடாமல் நூலால் கட்டலாம். ஊசியை நிறுத்த ஒட்டும் பிளாஸ்டரைப் போடாமல் துணிச்சுற்றால் கட்டலாம். பிளாஸ்டரைப் பிடுங்கினால் தோலும் போகும். கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காமல் பஞ்சணையோடு சேர்த்து ஏந்தலாம். தையல் உரசாமல் சட்டையை உட்புறம் வெளியே வரும்படி மாட்டலாம். வாய்ப் புண்ணுள்ள பிள்ளைக்குத் திரிபோஷ சத்துமாவை ஆறவைத்துக் கூழாகக் கொடுக்கலாம். புண் வழியே புரதம் ஒழுகிக்கொண்டிருக்கும் உடம்பு இது. தின்பதில் ஒரு பங்கு தோல் கட்டுவதற்கே போய்விடும். கிளினிக்கில் நிறை பார்த்து வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்கும் மருத்துவ மாது, அந்தப் புள்ளி கீழே விழுவதைப் புண் பெரிதாவதற்கு முன்பே கண்டுவிடுவார். இதுவும் நோயின் அளவுதான். பல இடங்களில் இதுதான் முதல் அளவு.

அளவுக்கு எங்கள் ஊரிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. அரநாயக்கவை மற்ற ஊர்க்காரர் அறிந்தது 2016 மே 17-ஆல். அன்று சாமசர மலை சரிந்து கிராமங்கள் மண்ணுக்குள் போயின. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. மழை எண்ணைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிரு, 100-ஐத் தாண்டினால் மூட்டையைக் கட்டு, 150-ஐத் தாண்டினால் வெளியேறு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிவிக்கிறது. அந்த எண்கள் மழையைப் பற்றி எல்லாவற்றையும் சொல்வதில்லை. மண்ணின் ஆழத்தையோ பாறையின் வெடிப்பையோ அவை அறியா. ஆனால் எந்த எண்ணுக்கு யார் என்ன செய்யவேண்டும் என்று கூடவே எழுதியிருக்கிறது. ஈ.பி.யின் அளவுகளில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். 506-இல் 180 என்றால் எந்த வாசல் திறக்கும்? எந்த எண்ணில் பிள்ளைக்கு மாதம் இத்தனை கட்டுத்துணி என்று வைத்தியசாலைக் களஞ்சியம் கையெழுத்திடும்? எந்த எண்ணில் தாய்க்குத் தோட்டத்தில் பேர் போகாமல் விடுப்புக் கிடைக்கும்? மருந்து நிறுவனத்துக்கு எண் தேவைப்பட்டபோது அது துல்லியமாக, 45 என்றும் 90 என்றும், செய்யப்பட்டது. கட்டுத்துணிக்கும் விடுப்புக்கும் அப்படியோர் எண்ணைச் செய்ய யாரும் உட்காரவில்லை.

கிளினிக் கொப்பி என்று ஒன்று எங்களிடம் இருக்கிறது. பொலித்தீன் உறை போட்ட அப்பியாசக் கொப்பி. ஒவ்வொரு முறையும் வைத்தியர் அதில் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுவார். பிள்ளையின் அம்மா அதை வாசிக்கமாட்டார், பத்திரமாகச் சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார். அதே கொப்பியின் பின்பக்கத்தில் அம்மா தமிழில் எழுதினால் என்ன? கட்டு மாற்ற எவ்வளவு நேரம் போனது. இரவு எத்தனை தரம் எழும்பியது. சோறு இறங்கியதா, கஞ்சி மட்டுமா. இந்தக் கிழமை பாடசாலைக்கு எத்தனை நாள். இந்த மாதம் எத்தனை பேர் போனது. வீட்டுத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிள்ளையின் கை சுற்றிப் பிடிக்கிறதா, இல்லையா; விரல் ஒட்டத் தொடங்குவதை முதலில் காட்டுவது அந்தக் கோப்பைதான். ஐஸ்கோர்-ஈபியின் 120 மதிப்பெண் பகுதி தேடுவது கிட்டத்தட்ட இதையே. எழுத வராத வீட்டில் டிஸ்பென்சரியில் இருப்பவரோ பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) இருப்பவரோ கேட்டு எழுதலாம். கொழும்பு சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குப் போகும் நாளில் அந்தப் பக்கங்களை மொழி தெரிந்த ஒருவர் வாசித்துச் சொல்லவேண்டும். தமிழில் சொன்ன வலி சிங்களத்தில் பாதியாகி ஆங்கிலத்தில் ஒரு சொல்லாகிக் கொப்பியின் முன்பக்கத்தில் விழுவது இன்று நடப்பது.

பின்பக்கத்தில் இன்னொன்றும் கட்டாயம் வேண்டும்: திகதி. கடுமையான டிஸ்ட்ரோஃபிக் வகையில், பால்யத்தைத் தாண்டி வளர்ந்தவர்களின் உயிரை அதிகம் எடுப்பது கொப்புளம் அல்ல. ஆறாத புண்ணிலும் பழைய தழும்பிலும் முளைக்கும் தோல் புற்றுநோய். அது சாதாரணப் புண்ணைப் போலவே தொடங்குகிறது. மற்றப் புண்களின் நடுவில் அதைப் பிரித்தறிய ஓரம் தடித்திருக்கிறதா, வலி மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பார்கள். இந்தப் புண் எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? உடம்பில் இருபது புண்ணுள்ள பிள்ளையின் தாய் அதற்கு ஞாபகத்திலிருந்து விடை சொல்லமுடியாது. எழுதிவைத்திருந்தால் முடியும்.

சர்வதேச வழிகாட்டி, கடுமையான வகையுள்ளவர்களுக்குப் பத்து வயதிலிருந்தே மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டு முழுதையும் அவிழ்த்து உடம்பு முழுவதையும் பார்க்கவேண்டும் என்கிறது. அரநாயக்கவிலிருந்து மாவனல்லைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கொழும்புக்கு இன்னொரு பஸ். நெரிசலில் முழங்கை பட்டால் தோல் உரியும் பிள்ளையோடு அந்தப் பயணத்தை வருடத்துக்கு நாலு தரம் வரை செய்யச் சொல்வது, செய்யவேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். படமெடுக்கும் கைத்தொலைபேசி இப்போது லயத்திலும் இருக்கிறது. வீட்டில் கட்டு மாற்றும் நாளில், புண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தை வைத்து, திகதி தெரியும்படி, நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம், நிபுணர் ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தால், எந்தப் புண்ணுக்காகப் பிள்ளை உடனே வரவேண்டும், எது அடுத்த மாதம் வரை பொறுக்கும் என்று அவரால் சொல்லமுடியும். அந்தப் படத்தைத் தோட்டத்திலிருந்து யார் அனுப்புவது, கேகாலையில் யார் பெற்றுக்கொள்வது, எத்தனை நாளுக்குள் பதில் வரவேண்டும் என்பதைச் சப்ரகமுவ மாகாண சுகாதாரத் திணைக்களம் ஒரு சுற்றறிக்கையில் எழுதலாம்.